பேறும் தகுதியும்

2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களின் கடைசி வாரம் அது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழும் மகளின் இல்லத்தில் நாம் தங்கியிருந்தோம். 29-ஆம் நாள் காலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கிற்று. கல்லூரிச் சேர்க்கையில் விண்ணப்பதாரரின் இனத்தைக் கருத்திற்கொள்ளும் முறை அரசியலமைப்புக்கும் குடியுரிமைச் சட்டத்துக்கும் முரணானது என்பதே தீர்ப்பின் சாரம். வழக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கும் எதிரானது. ஆசிய வம்சாவளி மாணவருக்கு அநீதி இழைக்கப்படுகிறது என்பது வழக்குத் தொடுத்தோரின் முறையீடு.

பேரன் அப்போது பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்லவிருந்தான். இரவு உணவு மேசையில் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே மெரிட் மட்டும்தான், தாத்தா" என்றான். அவன் முகத்தில் நிறைவு தெரிந்தது. மகள் ஒன்றும் சொல்லாமல் சாம்பார்க் கிண்ணத்தை அவன் பக்கமாக நகர்த்தினாள். 31 ஆண்டுகள் கணித ஆசிரியராய் இருந்து, தர வரிசைப் பட்டியல்களைத் தயாரித்துக் காலம் கழித்த நமக்கும் அச்சொல் இனிக்கவே செய்தது. உண்மையை மறைப்பானேன்?

ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. மெரிட் என்னும் சொல்லை நம் நாட்டில் தகுதி என்கிறோம்; திறமை என்கிறோம்; கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் இரண்டையும் இரட்டைக் கிளவிபோல் சேர்த்தே சொல்கிறோம். ஆனால் சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பில் நாம் மனனம் செய்த சொல் வேறு. அங்கே அதே சொல்லுக்குப் பேறுபலன் என்று பெயர். இயேசுவின் பேறுபலன்கள், புனிதர்களின் பேறுபலன்கள் என்று சொல்லிப் பழகிய நா இது. ஈட்டுதல், உரியதாதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து மெரிட் பிறந்தது. பேறு என்பதோ பெறுவது. ஒரே சொல் ஒரு பக்கம் சம்பாதித்ததாகவும் மறு பக்கம் பெற்றுக்கொண்டதாகவும் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் அமெரிக்கா என்னும் நாடு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக ஊசலாடி வந்திருக்கிறது என்பதை, மகளின் இல்லத்தருகே இருந்த பொது நூலகத்தில் அமர்ந்து அந்தக் கோடை முழுவதும் படித்தபோது உணர்ந்தோம்.

1630-இல் பாஸ்டன் நகரை நிறுவிய பியூரிட்டன் மக்கள் கால்வினின் வழி வந்தவர்கள். மீட்படைவோர் யார் என்பதை இறைவன் முன்னரே தேர்ந்துவிட்டார். மனிதரின் எந்த நற்செயலும் அத்தேர்வை மாற்ற இயலாது என்பது அவர்தம் கோட்பாடு. அதாவது, மனிதத் தகுதி என்பதை அடியோடு மறுத்தவர்கள் அவர்கள். அத்தகையோர் குடியேறிய மண்ணிலேயே தகுதி வழிபாடு தழைத்தது விந்தையன்றோ? தேர்ந்துகொள்ளப்பட்டோமா என்று அறிய இயலாத மனம் அதற்கான அடையாளங்களைத் தேடிற்று. உழைப்பும் சிக்கனமும் ஒழுங்கும், அவற்றால் விளைந்த வளமும் அடையாளங்கள் ஆயின. நாளடைவில் இறையியல் உதிர்ந்தது. அடையாளங்கள் மட்டும் நிலைத்தன. 1904-இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் இக்கருத்தை விரித்தெழுதியதை அறிஞர் பலர் மறுத்துமுள்ளனர். ஆனால் அந்த மாற்றத்தை ஒரே மனிதரின் வாழ்வில் காண விரும்புவோர் பெஞ்சமின் பிராங்க்ளினைப் பார்த்தால் போதும்.

பாஸ்டனில் மெழுகுதிரி வார்க்கும் தொழிலாளியின் பத்தாவது மகனாக 1706-இல் பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பு இரண்டே ஆண்டுகள். அச்சகத்தில் எடுபிடியாய்த் தொடங்கி அறிவியலாளராகவும் அரசதந்திரியாகவும் உயர்ந்தார். தம் முயற்சியால் எழுந்த மனிதர் என்று அமெரிக்கர் இன்றும் முதலில் சுட்டுவது அவரைத்தான். நம்மைக் கவர்ந்தது அவருடைய உயில். பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா ஆயிரம் பவுன் விட்டுச் சென்றார். 25 வயதுக்குட்பட்ட, தொழில் பயின்று முடித்த, மணமான இளம் தொழிலாளர்க்குக் குறைந்த வட்டியில் கடன் தருவதற்கான நிதி அது. தமக்கு இளமையில் இவ்வாறு கடன் தந்து உதவியவர்களை அவர் மறக்கவில்லை. கடன் பெறுவோர்க்கு நன்மதிப்புள்ள இருவர் பிணை நிற்க வேண்டும் என்பது விதி. தம் காலில் நின்றவர் என்று புகழப்படும் மனிதரே, பிறர் கை கொடுக்காமல் எவரும் எழுவதில்லை என்று அறிந்திருந்தார் போலும்.

ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்தபின், மகள் நம்மைக் குவின்சி நகருக்கு அழைத்துச் சென்றாள். நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் முதுமையில் வாழ்ந்த இல்லம் அங்கே காக்கப்பட்டு வருகிறது. அரசியலில் பகைத்துப் பிரிந்த ஆடம்ஸும் தாமஸ் ஜெபர்சனும் 1812-இல் மீண்டும் நட்புப் பூண்டு, கிழப்பருவத்தில் மடல்கள் வரைந்துகொண்டனர். இருவரும் இறந்தது ஒரே நாளில்: 1826-ஆம் ஆண்டு ஜூலை 4. நாடு விடுதலை அறிவித்து அன்றோடு ஐம்பது ஆண்டுகள் நிறைந்திருந்தன.

1813 அக்டோபரில் ஜெபர்சன் எழுதிய மடல் இவ்வரலாற்றின் நடுக்கல் எனலாம். மக்களுள் இருவகை மேன்மக்கள் உண்டு. நற்குணமும் அறிவாற்றலும் உடையோர் இயற்கையான மேன்மக்கள். குலத்தாலும் செல்வத்தாலும் மட்டும் உயர்ந்தோர் செயற்கையான மேன்மக்கள். முதல் வகையினரைக் கண்டெடுத்து ஆட்சிப் பொறுப்பில் அமர்த்தும் அரசே நல்லரசு என்பது அவர் வாதம். 1779-இலேயே அவர் வர்ஜீனியாவுக்கு ஒரு கல்வித் திட்டத்தை வகுத்திருந்தார். அடிமை அல்லாத பிள்ளைகள் அனைவர்க்கும் மூன்றாண்டு இலவசக் கல்வி. அவர்களுள் சிறந்த ஏழைச் சிறுவர் மேல்நிலைக்கு. அவருள்ளும் சிறந்தோர் கல்லூரிக்கு. இச்சலிப்பு முறைக்கு அவர் கையாண்ட உவமை குப்பையைக் கிளறி மணிகளைப் பொறுக்குவது போன்றது. பொறுக்கப்படாத பிள்ளைகளுக்கு அவ்வுவமையில் என்ன பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. சட்டமன்றம் அத்திட்டத்தை அவர் விரும்பிய வடிவில் ஏற்கவில்லை. ஆயினும் அவர் கனவு கண்ட சல்லடை பின்னாளில் நாடு முழுவதும் செய்யப்பட்டது.

ஆடம்ஸ் தம் பதிலில் இப்பாகுபாட்டை ஏற்கவில்லை. பிறப்பும் செல்வமும் அழகும்கூட மனிதரிடையே ஆற்றலாகவே செயல்படுகின்றன; இயற்கையானது எது, செயற்கையானது எது என்று கோடு கிழிப்பது எளிதன்று; இன்றைய திறமையாளரின் பிள்ளைகள் நாளைய பரம்பரைச் செல்வர் ஆகிவிடுவர் என்னும் பொருள்பட ஐயுற்றார் அவர். அவ்வில்லத்துத் தோட்டத்தில் இருந்த கல் கட்டட நூலகத்தின்முன் நின்றபோது, அக்கிழவரின் ஐயம் இருநூறு ஆண்டுகள் கழித்தும் முதுமை எய்தவில்லை என்று நமக்குத் தோன்றிற்று. அந்நூலகமே அவருடைய வழித்தோன்றல்கள் கட்டியது. அவர் மகனும் குடியரசுத் தலைவர் ஆனவர்.

ஜெபர்சனைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். 1791 ஆகஸ்டில் அவருக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் பெஞ்சமின் பானேக்கர், மேரிலாந்தைச் சார்ந்த கறுப்பினத்தவர். அடிமையாய்ப் பிறக்காதவர், தாமே வானியல் கற்று, கோள்களின் இயக்கத்தைக் கணித்துப் பஞ்சாங்கம் ஒன்றைத் தொகுத்தவர். அதன் கையெழுத்துப் படியை இணைத்து அனுப்பி, மனிதர் அனைவரும் சமமாய்ப் படைக்கப்பட்டனர் என்று எழுதிய கை, அடிமைகளை வைத்திருக்கலாமா என்று பணிவோடும் அஞ்சாமையோடும் வினவினார். ஜெபர்சன் மரியாதையாகவே பதில் எழுதினார். ஆனால் 1809-இல் வேறொரு நண்பருக்கு எழுதுகையில், அக்கணிதம் பானேக்கர் பிறர் உதவியின்றிச் செய்ததுதானா என்று சந்தேகம் தெரிவித்தார். வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதரை அடிமைகளாகக் கொண்டிருந்தவர் அவர். இயற்கையின் மேன்மகன் நேரில் வந்து கதவைத் தட்டியபோது, விடைத்தாளைத் திருத்தியவர் கண்டுபிடித்ததாக நினைத்தது காப்பியடித்தலை. கணித ஆசிரியரான நமக்கு இவ்விடத்தில் நெஞ்சு சுட்டது. எதிர்பாராத மாணவன் நூற்றுக்கு நூறு வாங்கினால் முதலில் பக்கத்து இருக்கையைப் பார்க்கும் வழக்கம் நமக்கும் இருந்தது.

அமெரிக்க அரசுப் பணிகளுக்குத் தகுதி என்பது நெடுங்காலம் நிபந்தனையாக இருந்ததில்லை. 1829-இல் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜாக்சன் அரசு அலுவல்கள் எளியவை, எந்தக் குடிமகனும் செய்யக்கூடியவை என்று கருதினார். கேட்க நல்ல சனநாயகம்தான். நடைமுறையில் அது வென்ற கட்சிக்காரர்க்கு வேலையைப் பங்கு வைப்பதாய் முடிந்தது. 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் புகைவண்டி நிலையத்தில் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்பீல்டு சுடப்பட்டார். சுட்டவன் சார்லஸ் கிட்டோ. கட்சிக்கு உழைத்ததற்குக் கைம்மாறாகப் பாரிஸ் நகரில் தூதரகப் பதவி கிடைக்கும் என்று நம்பி அலைந்து ஏமாந்த மனநிலை பிறழ்ந்தவன். கார்பீல்டு செப்டம்பர் 19-இல் இறந்தார். மரக்குடிசையில் பிறந்து, கால்வாய்ப் படகில் வேலை செய்து, கல்லூரித் தலைவராய் உயர்ந்தவர் அவர். நாடு கொதித்தது. 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் நிறைவேறிற்று. போட்டித் தேர்வின் வழியே அரசுப் பணி என்னும் நெறி தொடக்கத்தில் பத்தில் ஒரு பணிக்கு மட்டுமே பொருந்திற்று; பின்னர் விரிந்தது.

இதில் நம் மண்ணுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அச்சட்டத்தை வரைவதில் முன்னின்ற டார்மன் ஈட்டன் என்பவர் பிரிட்டனின் அரசுப் பணி முறையை நேரில் ஆராய்ந்து 1880-இல் நூல் எழுதியவர். பிரிட்டனில் அச்சீர்திருத்தத்தை 1854-இல் பரிந்துரைத்த இருவருள் ஒருவர் சர் சார்லஸ் டிரெவெலியன். அவரே 1859-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராய் வந்து, ஓராண்டு கழிந்த நிலையில் திரும்ப அழைக்கப்பட்டவர். இந்தியாவை ஆளும் பணிக்கான போட்டித் தேர்வு 1855-இலேயே தொடங்கிவிட்டது. சாதி மதம் பாராது எவரும் எழுதலாம் என்றனர். ஆனால் 1922 வரை அத்தேர்வு நடந்த ஊர் இலண்டன் மட்டுமே. கதவு திறந்தே இருந்தது. வாசலுக்கும் கதவுக்கும் இடையில் கடல் இருந்தது.

அமெரிக்காவின் ஐரிஷ் கத்தோலிக்கர் இச்சீர்திருத்தத்தை வரவேற்கவில்லை என்பது நம் வாசகர்க்கு வியப்பாய் இருக்கலாம். பஞ்சத்தால் விரட்டப்பட்டுக் கப்பலேறி வந்த அவர்களுக்கு வங்கிகளும் கல்லூரிகளும் அடைபட்டிருந்தன. கட்சித் தலைவர் தரும் காவல் துறை வேலையும் தீயணைப்பு வேலையுமே அவர்தம் ஏணி. ஊழல் நிறைந்த ஏணிதான், மறுப்பதற்கில்லை. ஆனால், படித்த புராட்டஸ்டண்டு செல்வர்கள் தேர்வு வேண்டும் என்று முழங்கியபோது, அந்த ஏணியை உதைக்கிறார்கள் என்றே ஐரிஷ்காரர் கண்டனர். தேர்வு முறைதானும் தூய்மையாய் நிலைத்ததா? 1914-இல், உட்ரோ வில்சனின் ஆட்சியில், விண்ணப்பத்தோடு புகைப்படம் இணைக்க வேண்டும் என்று விதித்தனர். தேர்ச்சி பெற்றோருள் முதல் மூவரில் ஒருவரை அதிகாரி தெரிவு செய்யலாம் என்பது முன்பே இருந்த விதி. மதிப்பெண் சமமாய் இருக்க, முகம் தீர்ப்புச் சொல்லிற்று. அப்புகைப்படம் நீக்கப்பட்டது 1940-இல்தான்.

செருப்புத் துடைக்கும் சிறுவன் முன்னேறும் கதைகளை எழுதிக் குவித்த ஹொரேஷியோ ஆல்ஜரையும், நூலகங்கள் கட்டித் தந்த கார்னெகியையும் பற்றி நிறைய எழுதலாம். இக்கதைகளை நாம் பள்ளி இறைவேளைக் கூட்டங்களில் பலமுறை சொல்லிச் சலித்துவிட்டோம். கார்னெகியின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் 1892-இல் வேலைநிறுத்தம் செய்தோர்மேல் துப்பாக்கிகள் வெடித்ததை மட்டும் அக்கூட்டங்களில் நாம் சொன்னதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் கதையே நம்மை அதிகம் அலைக்கழித்தது. பேரன் எழுதவிருந்த விண்ணப்பத்தின் மூலக்கதை அதுதான். ஹார்வர்டு போன்ற கல்லூரிகள் 1920 வரை பெரும்பாலும் நுழைவுத் தேர்வில் தேறியவரைச் சேர்த்துக்கொண்டன. கட்டணம் செலுத்த இயலுமாயின் இடம் கிடைக்கும். அம்முறையில் ஓர் எதிர்பாராத விளைவு நேர்ந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழை யூதரின் பிள்ளைகள் தேர்வுகளில் வென்றார்கள். 1922-இல் ஹார்வர்டின் புதுமாணவருள் ஐந்தில் ஒரு பங்கினர் யூதர். தலைவர் லோவெல் அஞ்சினார். வெளிப்படையாக வரம்பு கட்ட முயன்று, எதிர்ப்பு எழவே, வேறு வழி கண்டார். தந்தையின் பெயர் மாற்றப்பட்டதுண்டா என்னும் கேள்வி, புகைப்படம், பரிந்துரை மடல்கள், நன்னடத்தை, ஆளுமை, விளையாட்டு என்பன விண்ணப்பத்தில் இடம்பெற்றன. 1926-க்குப் பின் யூத மாணவர் தொகை சரிந்தது. இன்று அமெரிக்கச் சிறுவர் சிறுமியர் தம் குணநலனை விளக்கிக் கட்டுரை எழுதி, பியானோ வாசித்ததையும் முதியோர் இல்லத்தில் தொண்டு செய்ததையும் பட்டியலிடும் வழக்கத்தின் வேர் பெரிதும் அங்கேதான் இருக்கிறது. பேரனும் முதியோர் இல்லத்துக்குச் சென்று வந்தான். அங்குள்ள பாட்டியர்க்கு அவனைப் பிடித்திருந்தது உண்மை.

மதிப்பெண்ணை மட்டும் நம்பலாமே என்றால், அங்கும் ஒரு வேர் உண்டு. எஸ்.ஏ.டி. என்னும் தேர்வை வகுத்தவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கார்ல் பிரிகம். முதல் உலகப் போரில் படைவீரர்க்கு நடத்திய அறிவுத் தேர்வுகளை ஆராய்ந்து, வட ஐரோப்பியரே அறிவில் சிறந்தோர், தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் தாழ்ந்தோர் என்று 1923-இல் நூல் எழுதியவர். இத்தாலியரும் போலந்துக்காரரும், அதாவது ஏழைக் கத்தோலிக்கக் குடியேறிகள், அவர் பட்டியலில் கீழே கிடந்தனர். அத்தேர்வில் பேஸ்பால் ஆட்டக்காரரின் பெயரையும் கடைச்சரக்குகளின் பெயரையும் கேட்டிருந்தனர். நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கியவன் எவ்வாறு அறிவான்? 1926 ஜூன் 23 அன்று எஸ்.ஏ.டி. முதன்முதலாய் நடத்தப்பட்டபோது ஏறத்தாழ 8,000 பேர் எழுதினர். நான்கே ஆண்டுகளில் பிரிகம் தம் பழைய முடிவுகள் ஆதாரமற்றவை என்று அச்சில் ஒப்புக்கொண்டார். அறிஞர் ஒருவர் தம் தவற்றைப் பெயர் சொல்லி மறுதலிப்பது அரிது. அதற்காக அவரை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர் பெற்ற தேர்வு அவரைவிட நெடுநாள் வாழ்ந்தது.

அதை வளர்த்தவர் 1933-இல் ஹார்வர்டின் தலைவரான ஜேம்ஸ் கோனன்ட். பாஸ்டனின் டார்செஸ்டர் பகுதியில் பிறந்த வேதியியலாளர். பணக்காரப் பிள்ளைகளின் விடுதியாய் இருந்த கல்லூரிக்கு நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து திறமையான ஏழை மாணவரை உதவித்தொகை தந்து அழைக்க விரும்பினார். தம் முன்னோடியாக அவர் சுட்டியது ஜெபர்சனை. யாரைத் தெரிவு செய்வது என்று கண்டறிய அவரும் அவர் உதவியாளர் ஹென்றி சான்சியும் கைக்கொண்ட கருவி எஸ்.ஏ.டி. அவர் நோக்கம் நல்லது. அதனால் உயர்ந்தவர் பலர். ஆயினும் ஒரு நிகழ்ச்சியை மறத்தல் இயலாது. 1944-இல், போரிலிருந்து திரும்பும் படைவீரர் எவரும் அரசுச் செலவில் கல்லூரியில் படிக்கலாம் என்று சட்டம் வந்தபோது, தகுதியற்றோர் வந்து குவிவர் என்று கோனன்ட் கவலைப்பட்டார். வந்தனர், 22 இலட்சம் பேர் கல்லூரிகளுக்கு வந்தனர். உழவர் மக்களும் ஆலைத் தொழிலாளர் மக்களும் படிப்பில் சிறந்து விளங்கினர். கோனன்டே தாம் கண்ட மிகச் சிறந்த மாணவர் இவர்களே என்று சொல்ல நேர்ந்தது. சலிக்காமல் வந்த அரிசியில் கல் குறைவாகவே இருந்தது. ஆனால் தென் மாநிலங்களின் கறுப்பினப் படைவீரர்க்கு அச்சட்டத்தின் பயன் பெரும்பாலும் எட்டவில்லை.

பாஸ்டன் கடற்கரையில் ஜான் கென்னடி நினைவு நூலகம் உள்ளது. கத்தோலிக்கராகிய நாம் அங்குச் செல்லாமல் இருப்போமா? நம் தலைமுறையினரின் வீடுகள் பலவற்றில் திருஇருதயப் படத்துக்கு அருகில் கென்னடியின் படமும் தொங்கியதுண்டு. 1928-இல் ஆல் ஸ்மித் என்னும் கத்தோலிக்கர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றார். பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டு, நியூயார்க்கின் மீன் சந்தையில் வேலை பார்த்தவர். நான்கு முறை ஆளுநராக வென்றவர். அவர் தோல்விக்கு அவருடைய மதமும் ஒரு காரணம். 1960-இல் கென்னடி வென்றார். அவர் 1935-இல் ஹார்வர்டுக்கு எழுதிய விண்ணப்பம் அந்நூலகத்தின் காப்பில் உள்ளது. ஏன் இங்குச் சேர விரும்புகிறாய் என்னும் கேள்விக்கு அவர் எழுதியது ஐந்தே வாக்கியங்கள். தந்தை படித்த கல்லூரியிலேயே படிக்க விருப்பம் என்பது அவற்றுள் ஒன்று. இதைப் படித்த பேரன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் தன் கட்டுரையை ஏழாவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்த நேரம் அது. மீன் சந்தையில் உழைத்தவர் தோற்க, தந்தையின் நிழலில் நுழைந்தவர் வென்றார் என்று எண்ணி நாமும் சிரித்தோம், சற்றுக் கசப்போடு.

தகுதியாட்சி என்னும் சொல்லைப் பரவச் செய்தவர் ஓர் ஆங்கிலேயர், மைக்கேல் யங். 1958-இல் அவர் எழுதிய நூல் ஒரு கிண்டல். அறிவும் முயற்சியும் மட்டுமே உயர்வை அளிக்கும் ஒரு வருங்காலத்தைக் கற்பனை செய்து, அது எவ்வளவு கொடியதாய் இருக்கும் என்று காட்டினார். பழைய உலகில் ஏழைக்கு ஓர் ஆறுதல் இருந்தது: தன் நிலைக்குத் தான் காரணமல்லன் என்று அவன் அறிவான். புதிய உலகில் அந்த ஆறுதலும் பறிபோகும். மேலிருப்போர்க்கோ நன்றியுணர்வு அற்றுப்போகும். எச்சரிக்கையாய்ச் சொன்னதை அரசியல்வாதிகள் இலட்சியமாய் ஏற்றுக்கொண்டதைக் கண்டு 2001-இல் அவர் மனம் நொந்து எழுதினார். இன்னொரு வேடிக்கை: 1978-இல் அவரே பிரபுப் பட்டம் பெற்று மேலவையில் அமர்ந்தார்.

1965 ஜூனில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், ஆண்டாண்டாய் விலங்கிட்டு வைத்தவனைத் திடீரென அவிழ்த்து ஓட்டப் பந்தயக் கோட்டில் நிறுத்திவிட்டு, நியாயம் செய்துவிட்டதாகக் கருத முடியுமா என்று கேட்டார். 2023-இல் முடிவுக்கு வந்த முறைக்கு வித்திட்ட உரைகளுள் அது ஒன்று. அதே 1965-இன் அக்டோபரில் அவர் கையொப்பமிட்ட மற்றொரு சட்டம், நாட்டு வாரியான பழைய ஒதுக்கீட்டை நீக்கி, நம்மைப் போன்றோர்க்கு அமெரிக்காவின் வாயிலைத் திறந்தது. நம் மகள் 1990-களின் இறுதியில் கணினிப் பொறியாளராய்ச் சென்றதும் அவ்வாயில் வழியேதான். குடியுரிமை இயக்கத்தில் அடிபட்டும் சிறைப்பட்டும் நின்ற கறுப்பின மக்கள் இல்லையேல் அக்காலத்தில் அச்சட்டம் வந்திருக்குமா என்பது ஐயமே. இதை மேசையில் சொன்னபோது பேரன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். பள்ளியில் இரண்டையும் தனித்தனிப் பாடங்களாகப் படித்திருந்தான்.

வேறொன்றையும் அவனே கண்டுபிடித்துச் சொன்னான். ஹார்வர்டு வழக்கின் விசாரணையில் வெளிவந்த கணக்கின்படி, முன்னாள் மாணவரின் பிள்ளைகளாய் விண்ணப்பித்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. ஏனையோரில் நூற்றுக்கு ஆறு பேருக்கே. 2023-இன் தீர்ப்பு அம்முறையைத் தொடவில்லை. "அப்போ இது மெரிட் இல்லையே, தாத்தா?" என்றான். ஜான் ஆடம்ஸின் மடலை அவனுக்குக் காட்டினோம்.

"உங்க ஸ்கூல்ல எப்படித் தாத்தா?" என்று அவன் கேட்டது அதன் பிறகுதான்.

நம் பள்ளியில் பதினோராம் வகுப்பின் கணிதப் பிரிவுக்கு நாமே பொறுப்பாளர். 500-க்கு 350 எடுத்தால் இடம், குறைந்தால் இல்லை. ஊரின் பெரிய ஜவுளிக்கடைக்காரர் தம் மகனுக்காக ஆள் அனுப்பியபோதும், பின் நேரில் வந்தபோதும் நாம் மசியவில்லை. அந்தப் பெருமை இன்றும் நமக்கு உண்டு. அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. விதி இல்லையேல் அன்று அப்பையன் உள்ளே வந்திருப்பான்.

1986-இல் அதே விதியோடு வேறொருவர் முன் நின்றோம். கடற்கரைச் சிற்றூரிலிருந்து வந்த மீனவர். வராந்தாத் தூணருகில், நாற்காலியில் அமரச் சொல்லியும் அமராமல் நின்றார். மகன் 347 எடுத்திருந்தான். "பய விடியக்கால கரைவலை இழுத்துட்டுத்தான் சார் பள்ளிக்கூடத்துக்கு வாறான். மூணு மார்க்குதான சார்" என்றார். ஒருவனுக்கு விலக்கு அளித்தால் அனைவர்க்கும் அளிக்க வேண்டும் என்று விளக்கினோம். ஜவுளிக்கடைக்காரர் கதையையும் சொன்னோம். அவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டுப் போனார். கோபித்திருந்தால் மறந்திருப்போம்.

மூன்று ஆண்டுகள் கழித்து நம் மகள் 438 எடுத்தாள். பத்தாம் வகுப்பு முழுவதும் நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு அவளை எழுப்பி, காபி ஆற்றிக் கொடுத்து, ஆறரை வரை கணிதம் கற்பித்தவர் யார்? அதே ஐந்து மணிக்கு அந்தப் பையன் இடுப்பளவு நீரில் நின்றிருப்பான். அவன் எடுத்த 347 அவனுடையது. அவள் எடுத்த 438-இல் எத்தனை அவளுடையது, எத்தனை நம்முடையது என்று பிரித்துக் கணக்கிடும் சூத்திரம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

இவற்றைச் சொல்லி முடித்தபோது மகள் அடுக்களை வாயிலில் நின்றிருந்தாள். "எனக்கு இது தெரியாதேப்பா" என்றாள்.

பேரன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அங்கிள் பேர் என்ன தாத்தா? இப்ப எங்க இருக்காங்க?" என்றான்.

31 ஆண்டுகளில் நம்மிடம் கணிதத்தில் முதலிடம் பெற்றவர் அனைவரின் பெயர்களையும், யார் எங்கே எப்பணியில் இருக்கிறார்கள் என்பதையும் நாம் வரிசையாய்ச் சொல்ல வல்லோம். முன்னாள் மாணவர் கூட்டங்களில் சொல்லிக் காட்டிக் கைதட்டல் வாங்கியதும் உண்டு. அந்த ஒரு பெயர் மட்டும் வரவில்லை. தந்தையின் சட்டைக் காலரில் படிந்திருந்த உப்பு நினைவுக்கு வந்தது, பெயர் வரவில்லை. அவன் காத்திருந்து பார்த்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்து, தன் கட்டுரையின் முதல் வரியை மெல்ல அழிக்கத் தொடங்கினான்.